கொல்லைக் குளத்து மீன்களைக் காப்பது எப்படி?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று, பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே ஒரு வருத்தத்தைச் சொன்னார். "சார், ஆசையாகக் கொல்லையில் குளம் கட்டி முப்பது மீன் விட்டேன். ஒரே மாதத்தில் நான்குதான் மிச்சம். எல்லாம் பக்கத்து வீட்டுப் பூனையின் வேலை. விஷம் வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். பூனைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வேறு யார் சார் வரப்போகிறார்கள்?" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அண்டை வீட்டாரோடு ஆறு வாரம் பேச்சு நின்றுபோனது. அந்தக் கதையைப் பந்தியில் சொன்னபோது எதிர்வரிசையில் இருந்த நம் பத்திரிகைப் பொறுப்பாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். இலை எடுப்பதற்குள், "இதை அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கேரள அரசு 'சுபிக்ஷ கேரளம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு காய்கறி, கோழி, மீன் என்று ஊக்கம் கொடுத்தார்கள். மண்ணைத் தோண்டித் தார்ப்பாய் விரித்து நீர் நிரப்பும் 'படுதா குளம்' அப்போது பல கொல்லைகளில் வந்தது. மட்டாஞ்சேரியில் நம்மவர் வீடுகளில் இடம் குறைவு. ஆனாலும் கிணற்றடியில் ஒரு மூலை எல்லோருக்கும் உண்டல்லவா? அந்த மூலையில் நான் எட்டடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். குளம் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் வீட்டில் எல்லோரும் குளம் என்றே சொல்கிறார்கள். அழகுக்காக ஓரமாக ஒரு படி வைத்தேன். அதில் ஆறு அங்குலத் தண்ணீர் நிற்கும், அல்லித் தொட்டி வைக்கலாம் என்பது கணக்கு. அந்தப் படியே பின்னால் எனக்கு வினையாக வந்தது.

மொத்தம் 24 தங்கமீன்கள் விட்டேன். காலையில் தீனி போடும்போது எண்ணுவது வழக்கம். இரண்டாவது வாரம் 21. பிறகு 17. மூன்றாவது வாரக் கடைசியில் 9. பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு சாம்பல் நிறப் பூனை வளர்த்தார். அது பகலெல்லாம் எங்கள் தொட்டி விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கும். நான் மதில் மேலிருந்தே இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவரும் திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ரயில்வேயில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வண்டி தடம் புரண்டால், யார் மேல் தப்பு என்று பேசுவதற்கு முன் தடயத்தைக் கலைக்காமல் அளந்து எழுத வேண்டும். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களிடம் இதை வலியுறுத்திய நான் சொந்தக் கொல்லையில் மறந்துபோனேன். நினைவூட்டியது என் மனைவி. "சண்டை போடுவதற்கு முன் யார் வருகிறார்கள் என்று பாருங்களேன்" என்று சொல்லி, கோலமாவு டப்பாவை எடுத்து வந்து தொட்டியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூவினாள்.

முதல் நாள் காலையில் பூனையின் வட்டக் காலடி இருந்தது. ஆனால் மீன் எண்ணிக்கை குறையவில்லை. மூன்றாம் நாள் மீன் ஒன்று குறைந்தது. கோலமாவில் பூனைத் தடமே இல்லை. மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால், ஏறக்குறைய மூன்று அங்குல நீளத்தில் ஒரு பறவையின் கால் இருந்தது. மதிலில் சுண்ணாம்பு ஊற்றியது போல் வெள்ளை எச்சம். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பின்கட்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு மேலே 'குவாக்' என்று ஒரு சத்தம். கோழி அளவில் ஒரு பறவை இறங்கி, நான் அழகுக்குக் கட்டிய அந்தப் படியில் முழங்கால் நனைய நின்றது. கால் மணி நேரம் அசையவே இல்லை. பிறகு ஒரே குத்து.

அதன் பெயர் வக்கா. இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெளுப்பு, கண் சிவப்பு. குஞ்சுப் பருவத்தில் பழுப்பாகப் புள்ளி போட்டிருக்கும். எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மங்களவனம் இவற்றின் பெரிய குடியிருப்பு. 2.74 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான அலையாத்திக் காடு அது. 2004-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டியே பழைய எர்ணாகுளம் ரயில் நிலையத்தின் யார்டு இருக்கிறது. வேலை நிமித்தம் அங்கே போகும்போதெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் இந்தப் பறவைகள் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே போகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை! பகலெல்லாம் மரத்தில் தூங்கி, மற்றக் கொக்குகள் அடையும் நேரத்தில் இரை தேடப் புறப்படுவது இவற்றின் வழக்கம். காயலோரத்துப் பெரிய மரங்களிலும் இவை தங்கும். என் கொல்லைக்கு வந்தது எந்த மரத்துக்காரர் என்று விசாரிக்க முடியாது.

மறுநாள் காலை மனைவி செய்த அதிரசத்தோடு சேச்சி வீட்டுக்குப் போய், "தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பூனையைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தி, "அதனிடம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

ஆகவே அன்பர்களே, முதல் வேலை கோலமாவு. அரிசிமாவு வேண்டாம், எறும்பும் எலியும் வந்து தடத்தைக் கெடுத்துவிடும். கல்மாவு நல்லது. மழைக் காலத்தில் ஈர மணலைப் பரப்பித் தட்டி வைக்கலாம். பகலில் குறைகிறதா, இரவில் குறைகிறதா என்று காலையும் மாலையும் எண்ணுங்கள். பகலில் என்றால் மீன்கொத்தி, மடையான் என்னும் குருட்டுக்கொக்கு, நீர்க்காகம், சில சமயம் செம்பருந்து. மீன்கொத்தி விரல் நீளத்துக்கு மேல் போகாது. இரவில் என்றால் வக்கா, பூனை, மரநாய், நீர்நாய் என்று விசாரணை விரியும்.

மரநாயை இங்கே 'மரப்பட்டி' என்பார்கள். ஓட்டு வீட்டு மச்சில் இரவில் கூடைப்பந்து ஆடுவது போல் சத்தம் கேட்டால் அதுதான். முதலமைச்சர் பினராயி விஜயனே 2024-இல் தம் அரசு இல்லத்தில் மரப்பட்டித் தொல்லை தாங்கவில்லை, இஸ்திரி போட்ட சட்டையை வெளியே வைக்க முடியவில்லை என்று சொன்னது பத்திரிகைகளில் வந்தது. நம் வீட்டு ஓடு எம்மாத்திரம்! ஆனால் அது பெரும்பாலும் பழம் தின்னும் பிராணி. எச்சத்தில் பழக்கொட்டைகள் கிடக்கும். மீன் மேல் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை. கிடைத்தால் விடாது, அவ்வளவுதான். மீன் செதிலும் முள்ளும் நிறைந்த, மூக்கைத் துளைக்கும் எச்சம் கிடந்தால் அது நீர்நாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீர்க்கோலிப் பாம்பும் வரும். விஷமில்லாதது, கோபம் மட்டும் அதிகம். 'நீர்க்கோலி கடித்தாலும் அத்தாழம் முடங்கும்', அதாவது இரவுச் சாப்பாடு போய்விடும் என்று மலையாளிகள் சொல்வது எவ்வளவு பொருத்தம்! தவளையும் சிறு மீனும் அதற்கு உணவு. மாதம் இரண்டு மீன் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. ஆனால் அல்லித் தொட்டிக்கு அடியிலோ கல்லிடுக்கிலோ பார்க்காமல் கையை விடாதீர்கள். எல்லாப் பாம்பும் நீர்க்கோலி அல்ல.

தொட்டியின் உருவமே முதல் காவல்

டொராண்டோவில் இருக்கும் என் மகனிடம் வக்கா கதையைச் சொன்னபோது, "அப்பா, இங்கே ரக்கூன்" என்றான். கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டது போல் இருக்கும் பிராணி அது. முன்கால்களை நம் கைபோல் உபயோகிக்கும், தாழ்ப்பாளைக்கூடத் திறக்கும். அந்த நகராட்சி 2016-இல், ரக்கூனால் திறக்க முடியாத பூட்டு வைத்த குப்பைத் தொட்டிகளை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தோட்டக் குளம் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் காரியம் ஓரத்தை ஆழமாகவும் செங்குத்தாகவும் கட்டுவதாம். ரக்கூன் நீந்தும். ஆனால் மீன் பிடிக்க அதற்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். ஓரத்தில் ஆழம் குறைந்த படி இருந்தால் அதில் நின்று துழாவும்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. வக்காவும் அதே வேலையைத்தான் செய்தது. கண்டம் வேறு, பிராணி வேறு, ஆனால் நிற்க இடம் கொடுத்தவன் நான். கொக்கு இனம் எதுவுமே கால் ஊன்றி நின்று குத்தும் இனம். ஆகவே புதிதாகக் கட்டுபவர்கள் சுவரை நேராக எழுப்புங்கள். உள்ளே படி வேண்டாம். தண்ணீர் இரண்டரை முதல் மூன்றடி ஆழம் இருக்கட்டும். நீர்மட்டம் விளிம்புக்கு ஒன்பது அங்குலம் கீழே நிற்கும்படி உபரிநீர்க் குழாயை வையுங்கள். விளிம்பில் நிற்கும் கொக்குக்கு மீன் எட்டுவது அப்போது சிரமம். நான் படியை உடைத்தெடுத்து, அல்லித் தொட்டியை அடியில் இரண்டு செங்கல் மேல் வைத்தேன். நான்கு அங்குல பி.வி.சி. குழாயை ஒன்றரையடித் துண்டுகளாக அறுத்து அடியில் போட்டால் மீன்கள் ஆபத்து நேரத்தில் உள்ளே ஒதுங்கும். உடைந்த பானையும் போதும். உள்ளே விழும் அணில், ஓணான் ஏறி வர ஒரு தேங்காய்நார்க் கயிற்றை விளிம்பில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். செத்து அழுகினால் தண்ணீர் கெட்டு இருக்கிற மீனும் போகும்.

புதுச் சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றி, சுண்ணாம்புக் காரம் போன பிறகே விட வேண்டும். இது பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான்.

வலையில் நான் செய்த தவறு

படியை உடைத்த பிறகும் வக்கா வருவதை நிறுத்தவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தது. பழைய சி.டி. தட்டுகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பகலில் மடையான் நான்கு நாள் பயந்தது. இரவில் வருபவருக்கு மினுக்கம் என்ன செய்யும்? பிறகு கடையில் கிடைத்த மெல்லிய நைலான் வலையை வாங்கித் தொட்டி மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன். செலவு குறைவு, வேலை சுலபம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வலை நடுவில் தொய்ந்தது. வக்கா அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதன் கனத்தில் வலை தண்ணீரைத் தொட, கண்ணி வழியாகவே மீனைக் குத்தியது! அதைவிட மோசம் அடுத்த வாரம். காலையில் பார்த்தால் ஐந்தடி நீளச் சாரைப்பாம்பு ஒன்று வலையில் தலையை நுழைத்து, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் சுருண்டு கிடந்தது. பாம்பின் செதில் பின்னோக்கிப் படிந்தது. நுழையும்போது வழுக்கிப் போகும், திரும்பும்போது நூல் செதிலுக்கு அடியில் மாட்டி இறுகும். கேரள வனத்துறையின் 'சர்ப்ப' செயலி வழியாகத் தகவல் கொடுத்தோம். பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் வந்து சிறு கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டி அதை விடுவித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. "சார், இந்த வலையில் மாட்டிச் சாகிற பாம்பு அதிகம். அதுவே மூர்க்கனாக இருந்து, நீங்கள் தெரியாமல் கை வைத்திருந்தால்?" என்று கேட்டார். மூர்க்கன் என்றால் இங்கே நல்லபாம்பு. நான் பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே இன்னொன்று நடந்தது. மகள் வீட்டிலிருந்து வந்திருந்த மூன்று வயதுப் பேத்தி, மீன் பார்க்கிறேன் என்று விளிம்பில் வயிற்றைச் சாய்த்துக் காலைத் தூக்கிவிட்டாள். அவள் அம்மா ஓடிப் போய்ப் பிடித்தாள். கீழே மூன்றடித் தண்ணீர். அந்த வயதுக் குழந்தைக்கு அது கழுத்துக்கு மேல். கொக்கிலிருந்து மீனைக் காக்க ஆழமாகக் கட்டச் சொன்ன நான், அந்த ஆழத்தால் வரும் ஆபத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நைலான் வலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, மூடி எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாகக் கணக்குப் போட்டேன். மீன், பாம்பு, குழந்தை மூன்றுக்கும் ஒரே மூடி.

அளவு சொல்கிறேன். உங்கள் தொட்டிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். எட்டடி நீளத்தை இரண்டு கதவாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் நான்கடிக்கு ஐந்தடி. ஓரச் சட்டம் 25 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு, 3 மில்லிமீட்டர் கனம். ஐந்தடி அகலத்தின் நடுவே குறுக்காக ஒரு ஆங்கிள். மேலே ஓர் அங்குலக் கண்ணியுள்ள வெல்ட் மெஷ், 12 கேஜ் கம்பி. இறுக்கமான கம்பி என்பதால் பாம்பு சிக்காது. சிறியது நுழைந்து போய்விடும், பெரியது திரும்பிவிடும். தவளை போய் வரும். வக்காவின் அலகு கண்ணிக்குள் நுழைந்தாலும் தலை நுழையாது. நீர்மட்டம் ஒன்பது அங்குலம் கீழே இருப்பதால் மீன் எட்டாது. ஒரு கதவு 14 அல்லது 15 கிலோ வரும். ஒரு பக்கம் கீல் வைத்தால் வீட்டுப் பெண்களே தூக்கிவிடலாம். மறுபக்கம் கொண்டியும் பூட்டும். சாவி குழந்தைக்கு எட்டாத ஆணியில் தொங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 20 லிட்டர் குடிநீர் கேன் மூன்றை நிரப்பி, கதவின் நடுவில் ஒன்றாக வைத்து ஒருநாள் விட்டேன். 60 கிலோ. கால் அங்குலம் வளைந்து, எடுத்ததும் நேரானது. வளைந்தே நின்றால் சட்டம் போதாது என்று அர்த்தம்; குறுக்கில் இன்னொரு ஆங்கிள் போடச் சொல்லுங்கள். இவ்வளவு செய்த பிறகும், மூடி இருக்கிறது என்ற தைரியத்தில் குழந்தையைக் கொல்லையில் தனியே விடக் கூடாது. தீனி போடத் திறந்துவிட்டு, போன் மணி அடிக்கிறது என்று உள்ளே போகிறோமே, அந்த இரண்டு நிமிடம் போதும்.

இன்னொன்று துரு. நம் ஊர்க் காற்றில் உப்பு. ஹார்பர் பாதையில் எத்தனை போல்ட்டை மாற்றியிருக்கிறோம் என்று எனக்குத்தான் தெரியும். சாதாரண இரும்பு மெஷ் இரண்டு மழைக்காலம் தாங்காது. துத்தநாகம் பூசியது வாங்கி, வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்திருக்கும் என்பதால் அங்கே ப்ரைமர், மேலே இரண்டு கை பெயிண்ட். வசதி இருந்தால் 304 ரக எவர்சில்வர் மெஷ். எப்படியானாலும் நன்றாகக் கழுவி, பெயிண்ட் வாடை போன பிறகே தொட்டி மேல் வையுங்கள்.

நீர்நாய் வரும் வீடுகள்

கால்வாயை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு, அதாவது கல்வத்திப் பக்கமும் காயல் தீவுகளிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு, இது தனி விஷயம். நீர்நாய் குடும்பமாக வரும். வளர்ந்த ஒன்று நாளைக்குச் சுமார் ஒரு கிலோ மீன் தின்னும். நான்கு வந்தால் ஒரே இரவில் தொட்டி காலி, ஒன்றிரண்டு தலை மட்டும் கிடக்கும். செங்குத்துச் சுவரெல்லாம் அதற்கு விளையாட்டு. மண்ணைத் தோண்டும், ஏறும், இடுக்கில் நுழையும்.

சிங்கப்பூரில் நம் உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம் காயலில் இருக்கும் அதே இனம் அங்கே ஒரு காலத்தில் அற்றுப்போயிருந்தது. ஆறுகளைச் சுத்தம் செய்த பிறகு 1990களில் திரும்பி வந்தது. இன்று நகரின் நடுவே பீஷான் பூங்காவில் மக்கள் கூடி நின்று படம் எடுக்கிறார்கள். அதே குடும்பங்கள் விடியற்காலையில் பங்களாக்களுக்குள் புகுந்து விலை உயர்ந்த கோய் மீன்களைத் தின்றுவிட்டுப் போகின்றன. அங்கேயும் பிடித்துக் கொல்வதில்லை. வாயிற்கதவின் அடியிலுள்ள இடைவெளியை அடைக்கிறார்கள், வேலியில் சந்து இல்லாமல் செய்கிறார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும். மதிலில் தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைக்குக் கம்பிவலை, கேட்டுக்கு அடியில் தகடு, மூடிக்குக் கட்டாயம் பூட்டு. சுவர் இல்லாத படுதா குளம் என்றால் சுற்றிலும் மெஷ் வேலி போட்டு, அதன் அடியை ஒன்றரையடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும்.

நவம்பர், டிசம்பரில் விருச்சிக வேலியேற்றம் வரும்போது கால்வாய் நீர் கொல்லை வரை ஏறுவது மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. தொட்டிச் சுவர் தரைக்கு மேல் ஒன்றரையடியாவது நிற்கட்டும். இல்லையென்றால் உப்புநீர் உள்ளே வரும், நீர்நாயும் பாம்பும் அதோடு வரும், நம் மீன் வெளியே போகும். கடைசியாகச் சொன்னதும் சின்ன விஷயமல்ல. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் அரபைமா போன்ற தென் அமெரிக்க மீன்கள் கிடைத்தன. யாரோ குளத்தில் வளர்த்தவை! பெரிதாகிவிட்டது என்று மீனையோ ஆமையையோ கால்வாயில் கொண்டுபோய் விடாதீர்கள்.

விஷமும் மின்சாரமும் வேண்டாம்

பந்தியில் நண்பர் விஷம் என்று சொன்னதற்காகவே இதை எழுதுகிறேன். விஷம் வைத்த மீனைப் பூனை தின்னும், அந்தப் பூனையைக் காகம் கொத்தும், காகம் அடுத்த வீட்டுக் கிணற்றில் விழும். மேலும் வக்கா, நீர்நாய், மரநாய், உடும்பு, சாரைப்பாம்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம். ஊர் விட்டு வந்து பிழைக்கும் நமக்கு வனத்துறை வழக்கெல்லாம் தேவையா?

சிலர் வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தொட்டியைச் சுற்றி விடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள், எஞ்சினியர் ஆயிற்றே என்று. 2025 ஜூன் மாதம் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில் காட்டுப்பன்றிக்காக யாரோ சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியில் பட்டு, மீன் பிடிக்கப் போன 15 வயதுப் பையன் இறந்தான். 230 வோல்ட்டுக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது. தொட்டியில் மோட்டார் வைத்திருப்பவர்களும் அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு துண்டிப்பான் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

மீன் எல்லாம் போய்விட்டது, தொட்டி அப்படியே கிடக்கட்டும் என்று விடுவதும் ஆபத்துதான். கொச்சிக் கொசுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர் காலத்தில் 'கொச்சின் கால்' என்றே ஒரு பெயர் இருந்தது. முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் இல்லாத தொட்டி தெருவுக்கே கொசுப் பண்ணை. குறைந்தது பத்துக் கப்பி மீனாவது விட்டு வையுங்கள், அல்லது தண்ணீரை வெளியேற்றிக் கவிழ்த்தது போல் காயவிடுங்கள்.

மீன் ஒளிந்துகொள்ளச் செடி வேண்டும் என்று சிலர் முட்டைக்கோசு போல் இலை விரித்து மிதக்கும் ஆகாயத்தாமரையைப் போடுகிறார்கள். அதைத் தவிருங்கள். மான்சோனியா என்ற கொசுவின் புழு அந்தச் செடியின் வேரில் துளையிட்டு ஒட்டிக்கொண்டு அங்கேயே மூச்சு விடும். மேலே வராததால் மீனுக்குச் சுலபத்தில் அகப்படாது. நமக்குத் தெற்கே சேர்த்தலையில் யானைக்கால் பரவியது இந்தக் கொசுவால்தான். 1980களில் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையத்தார் அங்கே ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு குளங்களிலிருந்து அந்தச் செடியை வாரியெடுத்து, மீன் வளர்க்க வைத்து நோயைக் குறைத்தார்கள். ஒளிவிடத்துக்கு அல்லி போதும், பி.வி.சி. குழாய் போதும்.

தீனியைத் தகர டப்பாவில் மூடி வையுங்கள். சிந்தினால் பெருச்சாளி வரும், அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் வரும். காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியில் இறங்கிக் கழுவ வேண்டாம்.

இப்போது என் தொட்டியில் 31 மீன்கள் உள்ளன, குஞ்சுகளைச் சேர்க்காமல். வக்கா வருவதை நிறுத்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து மெஷ் மேல் உட்கார்ந்து கீழே பார்த்துவிட்டுப் போகிறது. சேச்சியின் பூனையும் பகலில் அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. மூடியின் படமும் அளவும் வேண்டுபவர்கள் மாதாந்திரக் கூட்டத்தன்று என்னைக் கேட்டால் தாளில் வரைந்து தருகிறேன். தொட்டியின் உள் அளவை மட்டும் சரியாக டேப் வைத்து எடுத்து வாருங்கள். சாண் கணக்கு உதவாது.